தெரியாது என்று சொல்லத் தெரிந்த செயற்கைக்கோள்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் தூசி படிந்து கிடக்கிறது. காரணம் வழக்கமானதுதான்: செமஸ்டர், ப்ராஜெக்ட், வைவா. இன்றைக்கு மறுபடி எழுத வைத்ததும் அந்த வைவாதான். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் குழுவின் ப்ராஜெக்ட், கல்லூரிப் பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு திரை. நிரல் முழுக்க நான் எழுதியது. நன்றாகவே வேலை செய்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இப்ப இது எங்க இருக்குன்னு சொல்லுது?"

"கேன்டீன் வாசல் சார்." திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

மேசைக்கு அடியில் இருந்த இடது கையை மேலே தூக்கினார். அதில் ஆன்டெனா. எப்போது கழற்றினார் என்றே தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க பெட்டிக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியல, தம்பி" என்றார். அவ்வளவுதான். மதிப்பெண் என்ன வந்தது என்பதை இங்கே போட்டு மானத்தை வாங்கிக்கொள்ள விருப்பமில்லை :-)

அறைக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தேன். ஜிபிஎஸ் மாட்யூல் நொடிக்கு ஒருமுறை ஒரு வரி அனுப்பும். அந்த வரியில் நேரத்துக்கு அடுத்ததாகவே ஒரே ஓர் எழுத்து வரும். 'ஏ' என்றால் இந்தத் தகவலை நம்பலாம். 'வி' என்றால் நம்பாதே. ஆன்டெனாவைக் கழற்றிய நொடியிலிருந்து மாட்யூல் 'வி', 'வி', 'வி' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அந்த எழுத்தைப் படிக்கவே இல்லை. இடம் காலியாக வந்தால் பழைய எண்ணையே திரையில் வைத்திரு என்று எழுதியிருந்தேன். திரை வெறுமையாக இருந்தால் அழகாக இருக்காதே என்ற ஒரே காரணம்தான்!

அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பெட்டிக்குத் தகவல் கொடுத்ததே மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள். அவற்றுக்குள்ளும் கணினி இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. தான் சொல்வது தவறாகப் போனால் அதற்குத் தெரியுமா? தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுமா? இதைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. வழிகாட்டும் செயற்கைக்கோளுக்குள் இருக்கும் மென்பொருளுக்கு முதல் தகுதி சரியான பதில் சொல்வதல்ல, "என்னை நம்பாதே" என்று நேரத்தில் சொல்வதுதான் என்பது என் கட்சி. முடிந்தால் கடைசிவரை வந்து மறுத்துப் பேசுங்கள்.

மேலே என்னதான் நடக்கிறது?

நம்மில் பலர் நினைப்பதுபோல ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது. இன்னும் வேடிக்கை, தான் எங்கே இருக்கிறோம் என்பதையும் அது பெரும்பாலும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. தரையில் இருக்கும் நிலையங்கள் அதைக் கவனித்து, கணக்குப் போட்டு, "நீ இந்தப் பாதையில் போவாய், உன் கடிகாரம் இவ்வளவு பிசகும்" என்று எழுதி மேலே ஏற்றுகின்றன. செயற்கைக்கோள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நேரத்தோடு சேர்த்து ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் ஓர் அணுக்கடிகாரமும் ஒரு தபால்காரரும் சேர்ந்த பிறவி.

தபால் வேகம் எவ்வளவு தெரியுமா? பழைய ஜிபிஎஸ் செய்தி நொடிக்கு 50 பிட். ஆமாம், வெறும் 50. 1,500 பிட் கொண்ட ஒரு சட்டகம் வந்து சேர 30 நொடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் உத்தேச இருப்பிடப் பட்டியலும் முழுதாக இறங்க பன்னிரண்டரை நிமிடம். வேகம் இல்லை, ஆனால் துல்லியம் வேண்டும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் காலி.

இதற்கிடையில் உள்ளே இருக்கும் கணினிக்கு வீட்டு வேலைகளும் உண்டு. சூரியத் தகடுகளைச் சூரியன் பக்கமும் ஆன்டெனாவைப் பூமி பக்கமும் திருப்பி வைக்கவேண்டும். மின்கலத்தையும் வெப்பத்தையும் கவனிக்கவேண்டும். தரையிலிருந்து வரும் கட்டளை உண்மையானதா என்று பார்த்து நிறைவேற்றவேண்டும். ஏதாவது பெரிதாகக் கெட்டுப்போனால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, சூரியனைப் பார்த்து உட்கார்ந்து, உதவிக்குக் காத்திருக்கவேண்டும்.

இவ்வளவும் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சு வளையத்துக்குள். அங்கே வேகமாக வரும் ஒரு துகள் நினைவகத்தில் பட்டால் 0 என்பது 1 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு சொல்லோடும் பிழை திருத்தும் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து வைக்கிறார்கள். மென்பொருள் ஓயாமல் நினைவகத்தைப் படித்து, பிழை இருந்தால் திருத்தி, மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும். தினமும் வாசல் பெருக்குவது மாதிரி. நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால் உதைத்து எழுப்ப ஒரு காவல் கடிகாரமும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நிரல் அதனிடம் சொல்லவில்லை என்றால் கணினியை முதலிலிருந்து ஓட விட்டுவிடும்.

இதெல்லாம் எங்கள் எம்பெடட் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள். இவை எல்லாமே "நான் கெட்டுப்போய்விட்டேனா?" என்ற கேள்விக்குத்தான் பதில். "நான் சொல்வது உண்மையா?" என்பது வேறு கேள்வி. தபால்காரர் கடிதத்தைக் கிழியாமல் கொண்டுவந்து சேர்த்தார் என்பதற்கும், கடிதத்தில் எழுதியிருப்பது உண்மை என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சுவிட்சின் கதை

நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1977ல் நடந்த ஒரு விஷயம். ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோட்டமாக என்டிஎஸ் 2 என்ற செயற்கைக்கோளை ஜூன் மாதம் அமெரிக்கா ஏவியது. சீசியம் அணுக்கடிகாரம் முதன்முதலாக விண்வெளிக்குப் போனது அதில்தான். ஐன்ஸ்டீன் சொன்னபடி பார்த்தால் மேலே இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட வேகமாக ஓடவேண்டும். ஜிபிஎஸ் பாதையில், ஈர்ப்பு குறைவதால் ஒரு நாளைக்கு 45 மைக்ரோ நொடி கூடும், வேகத்தால் 7 குறையும். நிகரம் 38. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

இந்தத் திருத்தம் உண்மையிலேயே தேவைதானா என்று அப்போது எல்லோருக்கும் முழு நம்பிக்கை இல்லை. பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? திருத்தம் செய்யும் கருவியையும் வைத்தார்கள், அதைத் தரையிலிருந்து இயக்கும் வசதியையும் வைத்தார்கள். திருத்தம் இல்லாமலே ஏவினார்கள். சுமார் 20 நாள் கடிகாரத்தை அளந்தார்கள். கணக்குப்படி லட்சம் கோடியில் 446.5 பங்கு வேகமாக ஓடவேண்டும். அளந்தபோது வந்தது 442.5. அதன் பிறகு திருத்தத்தை இயக்கினார்கள். இன்றைக்கு ஜிபிஎஸ் கடிகாரங்களைத் தரையிலேயே 10.23 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு துளி குறைவாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

இதைப் பலரும் ஐன்ஸ்டீனின் வெற்றி என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சுவிட்ச்தான் பெரிதாகப் படுகிறது. "நாங்கள் தவறாக இருக்கலாம்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளாமல், அதை ஒரு பாகமாகவே செய்து, எடை போட்டு, ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகத்துக்கும் வண்டியில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பொய் சொன்ன செயற்கைக்கோள்

இனி எதிர்ப்பக்கம். எஸ்விஎன் 23 என்ற ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1990 நவம்பரில் ஏவப்பட்டது. 2004 ஜனவரி 1, புத்தாண்டு நாள் அன்று அதன் கடிகாரம் கெட்டது. நின்றுபோகவில்லை, மெல்ல மெல்ல விலகி ஓடியது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் "நான் நலம்" என்ற குறியோடே தவறான நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் தூரப்பிழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைத் தொட்டது. அதன் பிறகுதான் தரையிலிருந்து "இதை நம்பவேண்டாம்" என்ற குறி ஏறியது.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மூன்று மணி நேரமும் அதன் பிட்டுகள் ஒவ்வொன்றும் சரியாகவே வந்து சேர்ந்தன. கடிதம் கிழியவில்லை. உள்ளே இருந்ததுதான் பொய்.

இதற்கு எதிரே இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். மேகமூட்டத்தில் ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானத்துக்கு, வழிகாட்டும் சமிக்ஞை கெட்டுப்போனால் எவ்வளவு நேரத்துக்குள் எச்சரிக்கை போய்ச்சேரவேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. முதல் வகைத் தரையிறக்கத்துக்கு அது 6 நொடி. மூன்று மணி நேரம் எங்கே, 6 நொடி எங்கே! இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜிபிஎஸ்ஸைக் கண்காணித்து விமானங்களுக்கு எச்சரிக்கும் தனி அமைப்புகளையே நாடுகள் கட்டின. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அந்த வகைதான்.

2014 ஏப்ரல் தொடக்கத்தில் ரஷ்யாவின் க்ளோனாஸுக்கு இதைவிட மோசமான அனுபவம். தவறான சுற்றுப்பாதைத் தகவல்கள் மேலே ஏற்றப்பட்டுவிட்டன. ஒரு செயற்கைக்கோள் அல்ல, அமைப்பு முழுவதுமே பத்து மணி நேரத்துக்கும் மேல் தாறுமாறாக இடம் சொன்னது. ஏற்றிவிட்டதை அவை அப்படியே ஒப்பித்தன. கிளிப்பிள்ளை மனப்பாடம்!

எஸ்விஎன் 23 கதை இன்னும் முடியவில்லை. நடுவில் ஒதுக்கி வைக்கப்பட்டு, பிறகு மீண்டும் வேலைக்கு வந்து, 2016 ஜனவரி 26 அன்று அதற்கு நிரந்தர ஓய்வு கொடுத்தார்கள். பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கியபோது தரை மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை விழித்துக்கொண்டது. மற்றச் சில செயற்கைக்கோள்களுக்கு உலகப் பொது நேரம் சம்பந்தமான எண் தவறாக ஏறியது. பிசகு 13 மைக்ரோ நொடி. இடம் காட்டும் வேலை பாதிக்கப்படவில்லை. ஆனால் நேரத்துக்காக ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த தொலைத்தொடர்புக் கருவிகள் உலகெங்கும் அலறின. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு தடைபட்டது. இங்கேயும் செயற்கைக்கோள் வாங்கியதை வாங்கியபடியே கொடுத்தது.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்?

"எல்லாவற்றையும் தரையிலிருந்தே கவனித்துக்கொள்ளலாமே" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. ஜிபிஎஸ்ஸும் 2005ல் கூடுதல் கண்காணிப்பு நிலையங்களின் தகவல்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தரையில் ஒருவர் பார்த்து, சந்தேகப்பட்டு, உறுதி செய்து, கட்டளை அனுப்பி, அது மேலே போய் நடக்கவேண்டும். அதற்குள் 6 நொடி எத்தனை முறை கடந்துவிடும்? முதலில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மேலே இருப்பதற்குத்தான்.

தன் பிழையைத் தானே எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாக உட்கார்ந்து யோசித்தால் முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் வேண்டும். 1997லிருந்து மேலே போன 2ஆர் வரிசை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இதைச் செய்திருக்கிறார்கள். அணுக்கடிகாரம் ஒரு பக்கம், சமிக்ஞையை உண்டாக்கும் படிக அலையியற்றி இன்னொரு பக்கம். மென்பொருள் 1.5 நொடிக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிடுகிறது. சின்ன விலகலைத் திருத்துகிறது. பெரிய விலகல் என்றால் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்கிறது. தன் குறியீட்டையே மாற்றிவிடுகிறது!

இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டலாம் என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன். "நம்பாதே" என்று ஒரு பிட்டை மட்டும் அனுப்பினால், அதைப் படிக்காத என் போன்ற சோம்பேறிகள் எழுதிய நிரல்கள் தொடர்ந்து நம்பிக்கொண்டுதான் இருக்கும். குறியீட்டையே மாற்றிவிட்டால் எந்தக் கருவியாலும் அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கவே முடியாது. அசிரத்தையான வாசகனையும் காப்பாற்றும் மௌனம் அது. ஜிபிஎஸ்ஸின் பொது ஆவணத்திலேயே இந்த "தவறான குறியீடு" எதற்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் கலிலியோவில் இன்னொரு வழி. அதன் செய்தியில் ஒரு பிட் உண்டு. அது 1 என்று வந்தால் அர்த்தம், "உத்தரவாதம் இல்லாமல் வேலை செய்கிறேன்". எவ்வளவு நேர்மையான வாக்கியம்! எங்கள் விடுதி வாட்டர் ஹீட்டரில் அதை எழுதி ஒட்டலாம்.

அக்கம்பக்கத்தாரைக் கேட்பது மூன்றாவது வழி. 2020ல் உலக அளவில் சேவையைத் தொடங்கிய சீனாவின் பெய்டோ 3 செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பு வைத்து, தங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்கின்றன. "நேற்றுவரை உன் தூரம் இவ்வளவு, இன்றைக்கு ஏற்றிய தகவல் வேறு சொல்கிறதே" என்று கேட்க வழி இருக்கிறது. க்ளோனாஸுக்கு 2014ல் நேர்ந்தது மாதிரியான தவறைப் பிடிக்க இந்த ஒரு கேள்வியே போதும் என்று நினைக்கிறேன். இயற்பியல் விதிப்படி எந்தச் செயற்கைக்கோளும் நள்ளிரவில் பாதையைவிட்டு எகிறிக் குதிக்காது.

மறுபக்கமும் உண்டு

"மேலே புத்திசாலித்தனம் கூடக்கூட பிழையும் கூடும்" என்பது பழைய பொறியாளர்கள் சொல்லும் எச்சரிக்கை. அதையும் ஒதுக்க முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு 40 நொடிகளுக்குள் சிதறியது. அது செயற்கைக்கோள் இல்லைதான், ஆனால் அங்கே கவிழ்த்தது வழிகாட்டும் கணினி. ஏரியான் 4க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5க்குத் தேவையே இல்லாத ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்து முடியாமல் போனது. புதிய ராக்கெட் பழையதைவிட வேகமானது, எண் பெரியது.

நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. அந்தக் கணினி ஒருவகையில் நல்ல பிள்ளை. தனக்குக் கோளாறு என்று தெரிந்ததும் வேலையை நிறுத்தியது, கோளாறு பற்றிய குறிப்பையும் அனுப்பியது. முக்கியக் கணினியோ அந்தக் குறிப்பைப் பறக்கும் தகவல் என்று நினைத்து வாசித்து ராக்கெட்டை வளைத்துவிட்டது. மாற்றுக்கு இருந்த இன்னொரு வழிகாட்டும் கணினி? அதே நிரல், அதே எண். இது சாவதற்குச் சுமார் 50 மில்லி நொடி முன்னாலேயே அது செத்திருந்தது.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். "தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. கேட்பவருக்கு வேறு அர்த்தம் தோன்றவே முடியாதபடி சொல்லவேண்டும். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேரை ஒருவரையொருவர் சரிபார்க்க வைத்தும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சந்தேகம் வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும் செயற்கைக்கோள் யாருக்கும் உதவாது. இடம் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஜிபிஎஸ்ஸில் சுமார் 30 இருக்கின்றன, ஒன்று மௌன விரதம் இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. நம்முடைய நேவிக் ஏழு செயற்கைக்கோள்களோடு திட்டமிடப்பட்ட சின்னக் குடும்பம். முதலாவது 2013 ஜூலை 1ல் போனது, ஏழாவது 2016 ஏப்ரலில். முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே மாதம் உள்நாட்டு அணுக்கடிகாரத்தோடு என்விஎஸ் 01 போனது. 2025 ஜனவரி 29ல் போன என்விஎஸ் 02 குறிப்பிட்ட பாதைக்கு ஏற முடியவில்லை.

இப்படி ஆள் குறைவான வீட்டில்தான் "பரவாயில்லை, கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பேசு" என்ற ஆசை வரும். அந்த ஆசையைத்தான் மென்பொருள் எழுதுபவர் எதிர்த்து நிற்கவேண்டும். இடத்தைக் காட்டாத கருவியால் எரிச்சல் வரும். தவறாகக் காட்டும் கருவியால் ஆளே போகும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஆவணம் எதுவும் அல்ல. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் வகுப்புத் தோழன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். என் வைவா கதையைச் சிரிப்புக்காகச் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை! "பெட்டி செத்துப்போச்சுன்னா பயமில்ல தம்பி. காத்து இருக்கு, நட்சத்திரம் இருக்கு, கரை வெளிச்சம் இருக்கு. எப்படியும் வந்துடுவோம். உயிரோட இருந்துக்கிட்டு தப்பா காட்டுச்சுன்னா, நாங்க எல்லைக்கு இந்தப் பக்கம்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நிப்போம்." பாக் நீரிணையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. படகும் வலையும் போகும், சிறைவாசமும் உண்டு.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்

முதலாவது, இத்தகைய அமைப்புகளை நடத்துபவர்களுக்கு. உங்கள் நிரலை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, பாதுகாப்புக் காரணங்கள் இருக்கும். தவறு நடந்தால் அதன் முழு விசாரணை அறிக்கையை வெளியிடுங்கள். ஏரியான் 5 சிதறிய 45வது நாள், 1996 ஜூலை 19 தேதியிட்டு அறிக்கை வந்துவிட்டது. எந்த நிரல், எந்த எண், ஏன் சோதிக்கவில்லை என்று எல்லாம் அதில் இருக்கிறது. 25 ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் மாணவர்கள் அதைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். என்விஎஸ் 02 விஷயத்தில் ஆக்சிஜனூட்டி வால்வுகள் திறக்கவில்லை என்று இஸ்ரோ தானே சில நாட்களில் அறிவித்தது, அதைப் பாராட்டுகிறேன். அந்த அறிவிப்புகள் முழு அறிக்கைகளாக, பாடங்களாக வளரவேண்டும். செயற்கைக்கோளுக்கு எதை விதிக்கிறோமோ அதுதான் அதை இயக்கும் நிறுவனத்துக்கும். தவறினால் சொல், தெளிவாகச் சொல், உடனே சொல்.

இரண்டாவது, நமக்கு. பள்ளியிலிருந்து நம்மை எப்படிப் பழக்கியிருக்கிறார்கள்? விடை தெரியாவிட்டாலும் ஏதாவது எழுது, பக்கத்தை நிரப்பு, ஒரு மார்க்காவது விழும். "தெரியாது" என்று எழுதினால் பூஜ்யம். பதினைந்து வருடம் இப்படிப் பழகிய கை, நிரல் எழுத உட்கார்ந்தாலும் அதையேதான் செய்கிறது. காலி இடத்தைக் கண்டால் பழைய எண்ணை வைத்து நிரப்புகிறது. என் பெட்டி எனக்குத்தான் பிறந்திருக்கிறது, சந்தேகமே இல்லை.

போன வாரம் அந்த நிரலைத் திருத்தினேன். மொத்தம் ஒன்பது வரி. அந்த ஓர் எழுத்தைப் படிக்கிறது. 'வி' என்று வந்தால் எண்களை அழித்துவிட்டு, திரை முழுக்கப் பெரிதாக "தெரியாது" என்று காட்டுகிறது. ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன், இரண்டு நொடிக்குள் காட்டியது. மதிப்பெண் பட்டியல் எப்போதோ போய்விட்டது, இனி அது மாறப்போவதில்லை. இருந்தாலும் அந்தத் தேர்வாளரைத் தேடிப்போய்க் காட்டவேண்டும் போல இருக்கிறது.

நிரல் வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். அதிலும் தவறு இருக்கலாம். உத்தரவாதம் இல்லை.